மூன்று கொட்டேஷனும் நூற்றுப் பன்னிரண்டு பேரும்

1987 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. மழை வந்திருக்க வேண்டிய நாள் கடந்து இரண்டு வாரம் ஆகியும் வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. ஜன்னலில் இருந்த கூலர், வெளியிலிருந்த அனலை அப்படியே என் மேல் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. டில்லி லக்ஷ்மிபாய் நகரில் என் மகளுக்கு ஒதுக்கப்பட்ட அரசுக் குடியிருப்பின் முன்னறையில், பிரிண்டரிலிருந்து கிழித்த தாளை மடியில் பரப்பி, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு எண்ணினேன். நூறு. கீழிருந்து மேலாக எண்ணினேன். நூறு. பத்துப் பெயருக்கு ஒரு கோடு போட்டு மூன்றாம் முறை எண்ணினேன். பத்துக் கோடு.

எங்கள் வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். பட்டியலை மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் பதிவாளர் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். அதில் பெயர் உள்ளவருக்குத்தான் ஃப்ளாட். பெயர் இல்லாதவர், பத்து வருடமாகக் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். நான் சங்கத்தின் செயலாளர். பட்டியலில் மூன்றாம் எண்.

நான்கு வருடமாக இந்தப் பட்டியல் ஒரு பழைய கம்ப்யூட்டரில் சமத்தாக இருந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதன் குணம் எனக்கும் என் குணம் அதற்கும் பழகியிருந்தது. இந்த முறை பட்டியலைத் தாளில் மட்டுமல்லாமல் ஃப்ளாப்பியிலும் கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதுவும், இப்போது எல்லா ஆபீஸ்களிலும் வந்திருக்கும் புது ரகக் கம்ப்யூட்டர் படிக்கக்கூடிய ஃப்ளாப்பியில். ஆகவே புதுப் பெட்டி வாங்கினோம். பழைய ஃப்ளாப்பியும் புது ஃப்ளாப்பியும் ஒரே அளவு, ஒரே சதுரம். ஸ்கேல் வைத்தே அளந்து பார்த்தேன். பழையது புதுப் பெட்டியின் வாயில் பிசகில்லாமல் நுழைந்தது. ஆனால் உள்ளே போனதைப் படிக்க முடியாது என்று பெட்டி சொல்லிவிட்டது. அப்புறம் எதற்கு ஒரே அளவில் செய்தார்கள் என்று கேட்டேன். பதில் சொல்ல டில்லியில் ஓர் ஆள் இல்லை.

பெட்டி வந்தால் போதாதாம், அதற்குள் ஓட ஒரு புரோகிராமும் வேண்டுமாம். யோசனை கேட்ட ஐந்து பேரும் ஐந்து பெயர் சொன்னார்கள். ஐந்து பேருமே தங்களுடையதைக் காசு கொடுத்து வாங்கியதில்லை, யாரிடமோ நகல் எடுத்தது என்றார்கள். சங்கத்துக்கு நகல் ஆகாது, ரசீது வேண்டும் என்றேன். எங்கள் பொருளாளர் தஞ்சாவூர்க்காரர், தணிக்கைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு படி மேலே போனார்.

“ஓய், மூணு கொட்டேஷன் இல்லாம ஒரு குண்டூசி வாங்கினவன் இல்லே நான். சீல் வெச்ச கவர்ல வாங்கும்.”

வாங்கினேன். நேரு பிளேஸில் மூன்று கம்ப்யூட்டர் கடை. நானூற்று ஐம்பது, இரண்டாயிரத்து நானூறு, நாலாயிரத்து இருநூறு. எது என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. கோடு போட்டு ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தோம். குறைந்த விலைக்காரனுக்கே ஆர்டர். நான் ஒரு நிபந்தனை வைத்தேன்: வாங்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டும். கடையிலேயே பத்துப் பெயரை அடித்தோம். பத்தும் வந்தன. இரண்டு தரம் எண்ணிவிட்டு, ‘திருப்திகரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

பிறகு பேரேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டு பெயரையும் ஒற்றை விரலால் அடித்தேன். ஒன்பது மணி நாற்பது நிமிடம், மூன்று நாளில். ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டதாகத்தான் பெட்டி காட்டியது. கடைசிப் பன்னிரண்டை வாங்கி எங்கே போட்டது என்று அதற்கே தெரியாது.

கடைக்குப் போன் செய்தேன்.

“பாபுஜி, வோ தோ சாம்பிள் ஹை,” என்றான் கடைக்காரன், கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவனைப் போல. நான் வாங்கியது வெறும் சாம்பிளாம், அதில் நூறு பேர்தான் நிற்பார்களாம். முழுசு வேண்டுமென்றால் இரண்டாயிரத்து அறுநூறு. “சிந்தா மத் கீஜியே, கவலைப்படாதீங்க, நீங்க அடிச்ச நூறும் அதுல அப்படியே இருக்கும்.”

பதிவாளர் அலுவலக குமாஸ்தாவுக்குப் போன் செய்து, நூறு பேர் ஒரு ஃபைலிலும் பன்னிரண்டு பேர் இன்னொன்றிலுமாகக் கொடுக்கலாமா என்று கேட்டேன். “ஏக் சொசைட்டி, ஏக் ஃபைல்,” ஒரு சங்கத்துக்கு ஒரே ஃபைல்தான் என்று போனை வைத்துவிட்டார்.

இரண்டு பிளாக் தள்ளியிருந்த பொருளாளர் வீட்டுக்கு அந்த வெயிலில் நடந்தேன். அவர் தர்பூசணி தின்றுகொண்டிருந்தார்.

“ரெண்டாயிரத்து அறுநூறா? ரெண்டாவது கடையே ரெண்டாயிரத்து நானூறுதானே சொன்னான்?”

“அது வேற புரோகிராம். இதுல அடிச்சதை அது படிக்காது. நூத்திப் பன்னிரண்டையும் மறுபடி அடிக்கணும். நாளைக்குக் கெடு.”

“அப்படின்னா புதுசா மூணு கொட்டேஷன், ஏழு நாள் நோட்டீஸ், கமிட்டி தீர்மானம். கூடுதல் விலைக்கு வாங்கினா ஆடிட்ல என்ன எழுதுவா தெரியுமா?”

“நம்ம சங்கத்துக்கு ஆடிட் பண்றதே நீர்தானே ஓய்?”

“அதைத்தான் சொல்றேன். நானே எழுதுவேன்.”

வீடு திரும்பியபோது வாசலில் நூற்றேழாம் எண் நின்றுகொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஐம்பத்தாறு வயது. நைட் டியூட்டி முடித்து நேராக பஸ் பிடித்து வந்திருந்தார். இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. ஓய்வு பெறும் அன்றைக்கே, தங்கியிருக்கும் நர்ஸ் ஹாஸ்டல் அறையையும் காலி செய்ய வேண்டும். ஊரில் வீடு என்று எதுவும் இல்லை. கட்டிய பணத்தின் ரசீதுகள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருப்பார்.

“சார், எம் பேரு வந்துட்டா?”

“வரும்மா.”

“வந்துட்டான்னு கேட்டேன். வரும்னு சொல்லுதீங்க.”

மறைக்க முடியவில்லை. உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாளை வாங்கிக் கடைசி வரியைப் பார்த்தார்.

“நூறு பேருக்குத்தான் எடம்னா, யாரை வெளிய நிறுத்தணும்னு இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“கடைசியா அடிச்சவங்க நிக்கலை.”

“ஆஸ்பத்திரியிலயும் அதே கததான் சார். டோக்கன் வாங்கி நின்னுட்டே இருப்பான், அவன் மூக்குக்கு முன்னால கவுண்டரைச் சாத்திருவாங்க.” கொஞ்சம் யோசித்தார். “இதுல ஒரு பேரை எடுத்துட்டு எம் பேரைப் போட்டா நிக்குமா?”

“யார் பேரை எடுக்கறது?”

“சும்மா பாக்கத்தான சார். உங்க பேரையே எடுங்களேன்.”

மூன்றாம் எண்ணை அழித்தேன். அவர் பெயரை அடித்தேன். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு தாளைத் தள்ளியது. அவர் பெயர் இருந்தது. நூறு வரியிலும் என் பெயர் இல்லை. இரண்டு முறை தேடினேன், இருக்காது என்று தெரிந்தே. மகளுக்கு மாற்றல் வந்தால் இந்தக் குடியிருப்பும் போய்விடும், அப்புறம் நான் எங்கே போவேன் என்று அந்த நிமிடம்வரை நான் யோசித்ததில்லை. மூன்றாம் எண்காரனுக்கு அந்த யோசனை எதற்கு?

“நிக்குது சார்,” என்றார் அவர். “இனி உங்க பேரைத் திருப்பிப் போட்டுருங்க.”

போட்டேன். அவர் பெயரை அழித்துவிட்டுத்தான் போட முடிந்தது. அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோ பிடித்து என் பாங்க்குக்குப் போய்ப் பணம் எடுத்து, அங்கிருந்து நேரு பிளேஸ் போனேன். சாம்பிளுக்குக் கொடுத்த நானூற்று ஐம்பதையாவது கழித்துக்கொள் என்று கடைக்காரனிடம் இருபது நிமிடம் வாதாடினேன். “சாம்பிள் தோ ஆப் லே சுகே, பாபுஜி,” என்றான். சாம்பிளைத்தான் நான் எடுத்துக்கொண்டுவிட்டேனே, கழிக்க என்ன இருக்கிறது என்று அர்த்தம். வீடு வந்ததும் கரண்ட் போய், ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. அதற்குப் பிறகு பன்னிரண்டு பெயரை அடிக்க ஐம்பது நிமிடம் ஆனது. அச்சடித்து மூன்று முறை எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. நூற்றேழை மட்டும் நான்காம் முறையும் பார்த்தேன்.

மறுநாள் மாலை நாலு நாற்பதுக்குக் குமாஸ்தா ஃப்ளாப்பியை வாங்கி, படிக்குமா என்று போட்டுக்கூடப் பார்க்காமல், தாளோடு சேர்த்து ஸ்டேப்ளரால் குத்தப் போனார். நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். அப்புறம் ஒரு கவரில் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பொருளாளர் எழுந்து, கொட்டேஷன் இல்லாத செலவு, அனுமதிப்பதற்கில்லை என்று சொல்லி, அதையே குறிப்பாகவும் எழுதினார். நல்ல கையெழுத்து அவருக்கு. விட்டுப்போகவிருந்த பன்னிரண்டு பேரில் ஏழு பேர் அந்தக் கூட்டத்துக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். நூற்றேழாம் எண் மட்டும் போகும்போது மேஜைமேல் இருபத்தைந்து ரூபாயை வைத்து, “எம் பங்கு சார். வேண்டாம்னு சொன்னா எனக்குக் கோவம் வரும்,” என்றார். வாங்கிக்கொண்டேன்.

புரோகிராம் 2,600, ஆட்டோ 34, ஃப்ளாப்பி 20. அதில் அந்த 25 போக, என் கையிலிருந்து போனது 2,629 ரூபாய்.