இரைகிறதா என்று கேட்க ஒரு காது

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் பழைய லயத்தில் இப்போது ரமேஸ் மாமா மட்டும்தான் இருக்கிறார். மண் சரியும் என்று சொல்லி மற்றப் பதினொரு குடும்பங்களையும் மேட்டில் கட்டிய தனி வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமா கல்யாணம் செய்துகொள்ளாதவர். தனி ஆளுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. பூட்டிக் கிடக்கும் காம்பிரா அறைகளுக்கு நடுவில் அவருடைய கதவு ஒன்றுதான் திறந்து மூடும்.

இருபத்திரண்டு வருடமாகத் தேயிலைத் தொழிற்சாலையில் மெசின் பார்க்கிறார். கொழுந்து அரைக்கும் மெசின்களின் சத்தம் காதிலேயே தங்கிவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் உள்ளே அது ஓடிக்கொண்டே இருக்கும். மற்றபடி அவருக்கு உள்ளது கிட்டாரும், பிஸ்கட் டின்னில் அவரே செய்த ஒரு பெடலும்தான். காலால் அழுத்தினால் கிட்டாரின் சத்தம் கரகரவென்று தடித்துப் பெருகும். ஆனால் வாசிக்காத நேரத்தில் பெடல் இரையும். அந்த இரைச்சலும் காதுக்குள் ஓடும் மெசினும் ஒரே சுருதி என்பதால் அவருக்கு அது பிரிந்து கேட்காது.

நாங்களும் லயத்தில் இருந்தபோது அதற்கு ஒரு வழி இருந்தது. அடுத்த காம்பிரா எங்களுடையது. பெடல் இரைந்தால் அம்மா அகப்பையால் சுவரில் தட்டுவார். உடனே மாமா பெட்டியைத் திறந்து வயர்களைப் பார்ப்பார். நாங்கள் மேலே வந்த பிறகு சுவர் பேசாமல் கிடந்தது. பெடல் சரியாகிவிட்டதா, தட்ட ஆள் இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அது, சுற்றுலாக்காரர்கள் வந்து போகும் எல்ல என்ற ஊரில்தான் தெரிந்தது. அங்கே ஓர் உணவுக்கடையில் சனிக்கிழமை மாலைகளில் நிரோஷன் என்ற பையனின் குழுவோடு மாமா வாசிக்கிறார். வாரத்தில் அவர் நாலு பேரோடு சேர்ந்து உட்காரும் மாலை அது ஒன்றுதான். போன சனிக்கிழமை நிரோஷன் சொல்லிவிட்டான்: “அண்ணே, வெள்ளக்காரங்க காதப் பொத்துறாங்க. அடுத்த கிழமையும் இது இரைஞ்சா நான் வேற ஆளத்தான் பாக்கணும்.”

வெள்ளிக்கிழமை பின்னேரம், உரச்சாக்கில் சுற்றிய கிட்டாரோடும் சின்ன ஸ்பீக்கர் பெட்டியோடும் மாமா எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார்.

“விசாலாட்சியக்கா, சும்மா ஒக்காந்து கேட்டுச் சொல்லுங்க” என்றார் அம்மாவிடம்.

“என்னத்த, பாட்டா?”

“பாட்டு இல்ல. நான் வாசிக்காம இருக்கப்ப கேளுங்க.”

அம்மா சிரித்துவிட்டார். “வாசிக்காததக் கேக்கச் சொல்லவா இம்புட்டு மேடு ஏறி வந்த?”

மாமா பெடலை மிதித்தார். “இப்ப?”

“வண்டு மாதிரி இரையுது.”

கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தார். “இப்ப?”

“இல்ல.”

கையை எடுத்தார். “இப்ப?”

“ஆரம்பிச்சிருச்சு. கைய வச்சா வாய மூடுது, எடுத்தா அழுவுது. கல்யாணம் கட்டாமலே கைப்புள்ள வளக்குற நீ.”

மாமா சிரிக்கவில்லை. திருகாணிகளைக் கழற்றி டின்னைத் திறந்தார். அம்மா எட்டிப் பார்த்தார்.

“உள்ளுக்குமா பச்ச பெயின்ட் அடிச்சிருக்க?”

“பின்ன? நம்ம பூனாகலைப் பனிமூட்டத்துக்கு வெறும் தகரம் துருப்புடிக்காம ஒரு மழ தாங்குமா?”

இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வோம். கூரைத் தகரமோ தண்ணீர் பீப்பாயோ, இரண்டு பக்கமும் பூசாமல் விடுவதில்லை. மாமாவும் முதலில் டின் முழுக்கப் பூசிக் காயவைத்துவிட்டு, அதன் மேல்தான் எல்லாவற்றையும் பொருத்தியிருந்தார். பதில் சொன்ன வாயோடு அந்தப் பெயின்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மீட்டரை எடுத்து ஒரு முனையை வயர் செருகும் துளையின் உலோகத்திலும் மறுமுனையை டின்னிலும் வைத்தார். இணைப்பு இருந்தால் கீச்சிட வேண்டிய மீட்டர் சத்தம் போடவில்லை. இரைச்சலை உள்ளே விடாமல் தடுத்து ஏர்த் வயரில் இறக்க வேண்டிய தகரம், பெயின்டால் எதையும் தொடாமல் தனியாக இருந்தது.

“பெக்டரியில ஒருத்தன் இப்புடிச் செஞ்சிருந்தா நானே ஏசியிருப்பேன்” என்றவர், அம்மாவின் தேங்காய்க் கத்தியை வாங்கித் துளையைச் சுற்றியும் மூடியின் விளிம்பிலும் பெயின்டைச் சுரண்டினார். தகரம் பளபளத்தது. இறுக்கி மூடிவிட்டு மிதித்தார்.

“இப்ப?”

“ஒண்ணுமில்ல.”

“நெசமா?”

“கொழாயில தண்ணி சொட்டுறதுதான் கேக்குது.”

அவர் முகம் தெளியவில்லை. “எனக்குக் கேக்குதே அக்கா.”

“அது ஒன் காதுப்பா. பெட்டி இல்ல.”

“நாளைக்கு எல்லக்கு வாறீங்களா? ஒரு மூலையில நின்னாப் போதும். இரைஞ்சா தலைய மட்டும் ஆட்டுங்க.”

“நாளைக்குக் கொழுந்து பறிக்கப் போகணுமே, ரமேசு.”

மாமா தலையாட்டிவிட்டு எல்லாவற்றையும் சாக்கில் சுற்றினார்.

அங்கே நடந்ததை ஞாயிறு காலையில் வந்து அவரே சொன்னார். முதல் பாட்டு முடிந்ததும் நிரோஷன் கூட்டத்தோடு பேசத் தொடங்கினான். மாமாவுக்கு இரைச்சல் கேட்டது. கையைக் கம்பியிலிருந்து எடுக்கவில்லை. எதிரே இருந்தவர்களின் முகங்களைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்தார். யாரும் காதைத் தொடவில்லை. நிரோஷனும் திரும்பவில்லை. இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அடுத்த பாட்டு வரும்வரை இருந்தார். இரைச்சல் கேட்டபடியே இருந்தது.

“கெளம்புறப்ப, ‘இரையலையே தம்பி’ன்னு கேட்டேன் அக்கா. ‘எதுண்ணே?’ன்றான்.”

அதை அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு லயத்துப் பக்கம் இறங்கினார்.