அந்த அக்காவை நான் திருப்பவில்லை

இது நடந்தது இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு. கோலசிலாங்கூர் டவுனில் ஒரு தனியார் மருத்துவ மையத்தில் அப்போது நான் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தேன். சுற்றுவட்டத் தோட்டங்களில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் முதலில் எங்களிடம்தான் வருவார்கள்.

அன்று மதியம் ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஓர் அக்காவைத் தோட்டத்து வண்டியிலேயே கொண்டுவந்தார்கள். உர மூட்டையோடு வாய்க்கால் பலகையைக் கடந்தபோது வழுக்கி, கீழே கிடந்த சிமெண்டுக் குழாய் மேல் உட்கார்ந்த வாக்கில் விழுந்திருக்கிறார். டாக்டர் வேறொருவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். அடி முதுகெலும்பை இரண்டு படம் எடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வழக்கமாக முதல் படத்துக்கு மல்லாந்து படுக்க வேண்டும். இரண்டாவதுக்கு ஒருக்களித்து, முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொல்வோம். அக்காவை விரிப்போடு தூக்கி மேசையில் கிடத்தி, முதல் படத்தை எடுத்துவிட்டேன். திருப்புவதற்காகத் தோளைத் தொட்டதும் அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. காலு ரெண்டும் மரத்துப் போற மாரி இருக்கு."

அப்படியே நின்றுவிட்டேன்.

அவரைக் கூட்டி வந்த மண்டோர், தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி, கதவோரம் நின்று சிரித்தார். "எம்சி லீவு வேணும்னு நடிக்குது மிஸி. நான் புடிச்சித் திருப்பறேன், நீங்க எடுங்க லா." சொல்லிக்கொண்டே உள்ளே வந்து அக்காவின் இடுப்பில் கைவைக்கப் போனார்.

குறுக்கே போய் நின்றேன். "கைய எடுங்க. வெளிய போங்க."

அவர் போட்ட சத்தத்தில் மேனேஜர் ஓடிவந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தோட்டத்து ஆளுங்கள வெச்சுதான் நம்ம பொழப்பே ஓடுது. கொஞ்சம் திருப்பினா என்ன ஆயிடும்?" என்றார்.

"எலும்பு ஒடஞ்சிருந்தா, திருப்பறப்ப நரம்பு நசுங்கி கால் வராம போயிடும் சார். நான் திருப்ப மாட்டேன். வேற யாரையும் திருப்ப விடவும் மாட்டேன்."

இரண்டு பேரையும் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். மல்லாந்து படுத்திருப்பவரை அசைக்காமலே பக்கவாட்டுப் படம் எடுக்க வழி இருக்கிறது. மிஷினைத் தாழ்த்திப் பக்கத்தில் கொண்டுவந்து, படம் பதியும் தகட்டை மறுபக்கம் நிமிர்த்தி வைத்தேன். "நீங்க அசையாதீங்கக்கா, மிஷின் உங்ககிட்ட வரும்" என்றேன்.

திரையில் படம் வந்தது. ஓர் எலும்பு நசுங்கி, அதன் சில்லு ஒன்று பின்னால் நரம்புப் பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. கூப்பிட்டதும் வந்த டாக்டர், பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப உடனே ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்.

காத்திருந்தபோது அக்கா கேட்டார். "மண்டோரக் கூப்பிடும்மா. அந்தப் படத்த அவருக்குக் காட்டு."

கூப்பிட்டேன். உடைந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். "எனக்கு இதெல்லாம் என்னா தெரியும்" என்று முனகினார். அக்கா கூரையைப் பார்த்தபடியே கேட்டார். "இப்ப சொல்லுங்க மண்டோர். நான் நடிக்கிறனா?"

அவர் வெளியே போய்விட்டார்.

அக்காவுக்கு அறுவைச் சிகிச்சை ஆனது. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டுதான் நடக்கிறார், ஆனால் நடக்கிறார். தோட்டத்துக்குத் திரும்பவில்லை. பாசிர் பெனம்பாங்கில் ஒரு கருவாட்டுக் கடையில் இருக்கிறார்.

மண்டோரிடம் என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார் மேனேஜர். நான் கேட்கவில்லை. என் வேலை ஒப்பந்தத்தை அவர்கள் புதுப்பிக்கவில்லை. இப்போது ரவாங்கில் வேறோர் இடத்தில் அதே வேலைதான் பார்க்கிறேன். தோட்டத்து ஜனம் வலிக்கிறது என்று சொன்னால் அதற்குச் சாட்சி கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. என் மேசையில் படுத்திருப்பவரிடம் மட்டும் அதை யாரும் கேட்க நான் விடுவதில்லை.