நிற்காத மோட்டார்

துருக்கிக் கடற்கரையில் காஷ் ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் ஏழு வாடகை வில்லாக்களின் சாவியும் சுக்ரியேயிடம்தான். ஆள் மாறும் நாளில் கூட்டித் துடைத்துப் படுக்கை விரிக்க வேண்டும். மற்ற நாட்களில் காலையில் வாசல் கதவில் ரொட்டிப் பையை மாட்டிவிட்டு வர வேண்டும். பதினெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு.

அந்த ஜூனில் கடைசி வில்லாவுக்கு மெர்ட்டன்ஸ் என்ற பெல்ஜியக் கிழவர் வந்தார். ஆறு பேர் தங்கும் வீட்டை ஒற்றை ஆளாக எடுத்திருந்தார். அவளைக் கண்டால் தொப்பியைத் தூக்கிக் காட்டுவார். அவ்வளவுதான் பழக்கம்.

வியாழக்கிழமை போனபோது முந்தின நாள் ரொட்டி அப்படியே தொங்கியது. எறும்பு மொய்த்திருந்தது. சன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. மணியடித்தாள், சத்தமே இல்லை. கார் வாசலில்தான் நின்றது.

இஸ்தான்புல்லில் இருக்கும் வீட்டுக்காரி நெர்மினுக்குப் போன் போட்டாள்.

"எங்கயாவது நடக்கப் போயிருப்பாரு அக்கா. நீங்க பாட்டுக்கு உள்ள நுழைஞ்சிடாதீங்க. போன வருஷம் ஒருத்தி, குளிக்கும்போது வந்துட்டாங்கன்னு நெட்டுல எழுதி வெச்சு மானம் போச்சே, மறந்துட்டீங்களா?"

"ரொட்டியத் தொடவே இல்லையேம்மா."

"சலிச்சுப் போயிருக்கும். சாயங்காலம் வரைக்கும் பாருங்க."

புருஷன் ஹிதிரிடம் சொன்னாள். அவன் தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "செத்துக் கிடந்தா போலீஸ் மொதல்ல சாவி வெச்சிருக்கிறவளத்தான் கேக்கும். உனக்கு ஏண்டி வம்பு?" என்றான்.

சமையல் ஓடவில்லை. திராட்சை இலையில் அரிசியை வைத்துச் சுருட்டினால் இலை கிழிந்தது. அப்படியே போட்டுவிட்டு மறுபடி மலையேறினாள்.

வீட்டின் பின்சுவர் ஓரம் தண்ணீர் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்தால் ஓடும், மூடினால் நின்றுவிடும் மோட்டார் அது. பத்து நிமிஷம் காத்து நின்றாள். நிற்கவில்லை.

அதற்குமேல் அவள் யாரையும் கேட்கவில்லை. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள்.

கிழவர் குளியலறைத் தரையில் கிடந்தார். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்திருந்தது. எப்படியோ எட்டிக் குழாயைத் திறந்து, ஒரு நாளுக்கு மேலாக உள்ளங்கையில் தண்ணீர் பிடித்துக் குடித்து உயிரைத் தக்கவைத்திருந்தார். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, போர்வையால் மூடி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வந்துட்டாங்க ஐயா, இதோ வந்துட்டாங்க" என்று தன் பாஷையிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய மணிக்கட்டை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். மகள் வந்து ஊருக்குக் கூட்டிப்போனாள். "நல்லவேளை போனீங்க அக்கா" என்ற நெர்மின், அதே மூச்சில், "சனிக்கிழமை ஆளு வராங்க, தரை காஞ்சிடுச்சா?" என்றாள்.

ஆனால் சுக்ரியேவை அந்தப் பயம் விடவில்லை. ஒன்பது மணிக்கு மேல் எந்த வீட்டுச் சன்னல் சாத்தியிருந்தாலும் கதவைத் தட்டிவிடுகிறாள். போன வாரம் ஒரு புதுமணத் தம்பதி தூக்கக் கலக்கத்தோடு வந்து எரிந்து விழுந்தார்கள்.

"திட்டுங்க, நல்லாத் திட்டுங்க" என்று சிரித்தபடி ரொட்டியை அவர்கள் கையில் திணித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.