ரமணனின் கறுப்புப் பூச்சி

தன் கையால் செய்த பொருளைத் தன்னுடையது என்று ஒரு மனிதன் ஊருக்கு நிரூபித்துத்தான் ஆகவேண்டுமா? ரமணனைத் தெரிந்தவர்கள் ஒருமுறையாவது இதை யோசித்திருப்பார்கள். அவர் பெரிய மனிதர் இல்லை. சிங்கப்பூரின் பூன் லேயில் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றும் பட்டறையில் முப்பது வருடம் வேலை. அதிகம் பேசமாட்டார், பேசினால் யாருக்காவது சுருக்கென்று இருக்கும்.

வருடம் ஒருமுறை ஒரு பன்னிரண்டு பேர் சேர்ந்து நியூசிலாந்துக்கு டிரவுட் மீன் பிடிக்கப் போவார்கள். அவர்களில் ரமணனும் ஒருவர். டிரவுட்டுக்குப் புழு வேண்டாம். ஆற்றின் அடியில் ஊரும் இளம்பூச்சியைப் போல, கொக்கியின்மேல் இறகும் நூலும் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டவேண்டும். நிம்ஃப் என்பார்கள். மீதி மாதங்களில் ரமணன் சாப்பாட்டு மேசையின் விளிம்பில், கொக்கியைக் கவ்விப் பிடிக்கும் சின்ன வைஸைத் திருகிப் பொருத்தி அதைத்தான் கட்டிக்கொண்டிருப்பார். இறகு மயிலிறகு, சிராங்கூன் சாலையில் பூசைச் சாமான் விற்கும் கடையில் வாங்குவது.

"முருகனோட வாகனத்தப் பிச்சு மீனுக்குத் தூண்டில் கட்டுறீங்க," என்பாள் மனைவி சந்திரமதி. அவள் சைவம். "உங்களுக்கு எங்க உருப்படும்?"

"உருப்பட்டா மீன் உனக்குத்தான் தரப்போறேனா?"

அந்த வீட்டில் பேச்சு அப்படித்தான் நடந்தது. ஆனாலும் அதே மேசையில் பருப்பு புடைத்தபடி, எதிரே அவர் கை செய்வதை அவள் பல வருடம் பார்த்திருந்தாள்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு பயணத்தில், யாருக்கும் எதுவும் கடிக்காத நாளில், ரமணனின் கறுப்புப் பூச்சிக்கு ஏழு மீன் விழுந்தது. குழுவின் தலைவர் நூருல் அமீன் மூன்று பூச்சி கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வருடம் அதைப் பார்த்துக் கட்டி, வீடியோ எடுத்து, 'அமீன் கறுப்பு' என்று பெயரும் வைத்துவிட்டார். இந்த வருடம் குழு ஒரு கையேடு அச்சடிக்கப்போகிறது, அதிலும் அந்தப் பெயர்தான் என்று தெரிந்த அன்றுதான் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதினார்: "அது என் பூச்சி. எல்லார் முன்னாலயும் கட்டிக் காட்டுறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் கூடினார்கள். சந்திரமதியும் வந்திருந்தாள். மீனுக்காக வரவில்லை. அமீன் முகம் தொங்குவதைப் பார்க்க வந்தாள்.

"பூன் லேல எந்த லோங்காங்ல, எந்தச் சாக்கடைல தம்பி டிரவுட் ஓடுது?" என்றார் அமீன். இரண்டு மேசை சிரித்தது.

"உங்க கிளமெண்டி லோங்காங்லேருந்து வர்றதுதான்," என்றார் ரமணன்.

"பேச்செல்லாம் நல்லாத்தான் வருது. ஏழு மீனும் லக்குதான் லா."

கையேட்டைத் தொகுக்கும் நூருன்னிசா ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்த ஏழு மீனையும் கரையில் நின்று பார்த்தவர். தண்ணீர்க் கிளாஸ் ஒன்றை நடுவில் வைத்தார். "அன்னைக்கு நான் பார்த்த பூச்சி தலைகுப்புற விழலை. படுத்த மாதிரியே இறங்குச்சு. ரெண்டு பேரும் கட்டிப் போடுங்க. யாரோடது அப்படி இறங்குதோ அவங்க பேரு. ரெண்டும் குப்புற விழுந்தா, இருக்கிற பேரே இருக்கட்டும்."

அமீன் முதலில் கட்டினார். கச்சிதமாகத்தான் கட்டினார். கிளாஸில் போட்டதும் பூச்சி தலையிலிருந்த உலோக மணியின் கனத்தில் குப்புற விழுந்தது.

"தண்ணி கம்மி," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ரமணன் உலோக மணி கோத்த கொக்கியை வைஸில் மாட்டினார். சந்திரமதி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்து வருவது அவளுக்குத் தெரியும்: அரிசி நீளத்துக்குச் செம்புக்கம்பியை வெட்டி, கொக்கியின் வால்பக்கம் அடியில் படுக்கவைத்து, அதன்மேல் இறகைச் சுற்றுவார். தலைக்கனத்துக்கு அதுதான் ஈடு. வெளியே தெரியாது, அதனால்தான் அமீனுக்குப் பிடிபடவில்லை.

கம்பியை வெட்டினார். இடுக்கியால் எடுத்தார். எடுத்ததைக் கொக்கிக்குக் கொண்டுபோகாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, மறந்துபோச்சா?" என்றார் அமீன்.

"வைங்க," என்று சந்திரமதி பல்லைக் கடித்தாள்.

அன்று வீடு திரும்பும் ரயிலிலும் அதற்குப் பிறகும் அவள் எத்தனையோ விதமாகக் கேட்டாள், திட்டியும் பார்த்தாள். காரணம் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. பெருந்தன்மை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கோழைத்தனம் என்பதற்கும் அந்த முகம் இடம் தரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். கம்பித் துண்டை, கறிவேப்பிலை ஒதுக்கியிருந்த தட்டில் போட்டார். கம்பி இல்லாமலே கொக்கியின்மேல் இறகைச் சுற்றி, முடிச்சிட்டு, நூலை வெட்டி, தானே கிளாஸில் போட்டார். அது குப்புற விழுந்தது.

"இருக்கிற பேரையே போடுங்க," என்று நூருன்னிசாவிடம் சொல்லிவிட்டு வைஸைக் கழற்றத் தொடங்கினார்.