சாமைக் குதிருக்குள்

முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்த மகளுக்காக டெட்டாலைத் திறந்தேன். அந்த வாசனை என்னை ஜவ்வாது மலையில், எங்கள் வீட்டுச் சாமைக் குதிருக்குள் தள்ளிவிட்டது.

ஏழு வயது எனக்கு, காலில் சீழ்ப்புண். சிஸ்டரம்மா என்று நாங்கள் கூப்பிடும் கன்னியாஸ்திரி, பிள்ளைகளை மலைக்குக் கீழே இருக்கும் மடத்துக்குக் கொண்டுபோய்விடுவார் என்று ஊரில் பேச்சு. அவர் வருவதைப் பார்த்ததும் அம்மா என்னைக் குதிருக்குள் இறக்கி மூடிவிட்டாள்.

“பொண்ணு எங்கம்மா?”

“மாமன் வூட்டுக்குப் போயிருக்குதுங்க.”

இருட்டில் மூச்சு முட்டியது. உமித்தூசி ஏறித் தும்மிவிட்டேன்.

“மாமன் வூடு ரொம்பக் கிட்டதான் போல,” என்று மூடியைத் திறந்தார் சிஸ்டரம்மா. அவருடைய வெள்ளை அங்கியைக் கண்டு அலறினேன். அவர் என்னைத் தூக்கி உட்காரவைத்து, சாணித்தரையில் மண்டியிட்டு, டெட்டால் கலந்த தண்ணீரில் புண்ணைக் கழுவினார்.

“எங்கயும் கூட்டிட்டுப் போவல. நாளைக்கி நானே வர்றேன்.”

மறுநாள் அவர் குரல் கேட்டதும் அம்மா வெந்நீர் வைத்தாள். நான் மறுபடியும் குதிரில் ஏறப் பார்த்தேன்.

மகள் இப்போது கட்டிலுக்கடியில். நான் தரையில் மண்டியிட்டேன்.