நான் மாற்றி வாசித்த பன்னிரண்டு மாதம்

சபையாரே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கு. பெண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரி தியூர்மா உட்கார்ந்திருக்கிறாள். "சொல்லுயதுன்னா முழுக்கச் சொல்லணும், பாதி சொன்னா அதுவும் கள்ளமாக்கும்" என்று அவள் சொன்ன பிறகுதான் எழும்பி நிற்கிறேன்.

நான் இந்தப் பாறசாலைக்காரன். பெரிய யுத்தம் முடிந்த சமயம் சுமத்ரா தீவுக்குப் போய், ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். அங்கேதான் தியூர்மாவைக் கட்டினேன். அவள் அந்த ஊர் படாக் ஜாதிக்காரி, நம்மைப்போலக் கிறிஸ்து வேதக்காரி. எங்களுக்கு எஸ்தர் பிறந்தாள்.

எஸ்தருக்கு நாலு வயது நடக்கும்போது, அப்பாவுக்கு ஒரு பக்கம் தளர்ந்துபோச்சு என்று இங்கேயிருந்து தந்தி வந்தது. புறப்படுகிற வாரம் பிள்ளைக்கு மணல்வாரி அம்மை போட்டுவிட்டது. கப்பலில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று அவளைத் தியூர்மாவின் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தோம்.

அந்த ஊர்ப் பெண் அந்நிய நாட்டானைக் கட்டினால் அவளும் அந்நியக்காரி. அதுதான் அங்கே சட்டம். பிறந்த மண்ணுக்குத் திரும்பிப்போக அவளுக்கே ஒரு தாள் வேணும். புறப்படும்போது துறைமுகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு மாதத்துக்குள் வந்தால் இறங்கலாம், தாண்டினால் இறங்க முடியாது. அது அங்கே ஆண்ட டச்சுக்காரர் பாஷை, மாதக் கணக்கும் இலக்கத்தில் இல்லை, எழுத்தில்தான். அவளுக்கு எழுத்துத் தெரியும், பாஷை தெரியாது. மருந்துச் சீட்டு வாசித்து வாசித்து எனக்குத் தெரியும்.

அப்பா சாகவும் இல்லை, எழும்பவும் இல்லை. என்னைப் பெற்ற அம்மை கையைப் பிடித்துக்கொண்டு, "மக்கா, இனி கடலு கடக்காண்டாம். நீ இங்க கெடந்தா மதி. இந்தத் தென்னை விளை உனக்காக்கும்" என்று அழுதாள். எனக்கும் ஊர் பிடித்துப்போனது. இன்னொருத்தன் தோட்டத்தில் மருந்து கலக்கினது போதும் என்று தோணிவிட்டது.

வந்து ஆறாம் மாசம், கன்னியில் ஒருநாள் தியூர்மா அந்தத் தாளை எடுத்து, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இது எத்தனை மாசம்?" என்று கேட்டாள்.

"இருபத்துநாலு" என்றேன்.

சபையாரே, என் வாய் கூசவே இல்லை. கெடு தாண்டிவிட்டால் இவள் இங்கேயே இருந்துதானே ஆகணும், பிள்ளையைப் பிறகு யார் கூடவாவது வரவழைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அவள் தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கப் போனாள்.

பதினோராம் மாசம், கும்பத்தில், அவள் அக்காவின் கடிதம் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தது. கடைசியில் ஒரு வரி. "அம்மா எங்கே என்று கேட்பதை எஸ்தர் நிறுத்திவிட்டாள்."

தியூர்மா அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. "இப்பவே போகலாம்" என்றாள். "அப்பா கிடக்கிற கிடப்பில் எப்படி? இன்னும் ஒரு வருஷம் இருக்கே" என்றேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே ஆலயத்தில் முட்டுப்போட்டு என்ன ஜெபித்தேன் தெரியுமா? 'ஆண்டவரே, கள்ளம் வெளியே வராமல் பிள்ளையை மட்டும் காப்பாற்றும்.' அதற்குப் பதில் வரவில்லை.

மீனம் எட்டாந்தேதி மத்தியானம். அவள் அறைக்குள் தன் பாஷையில் ஜெபித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பாஷை தெரியும். "என் புருஷனுக்குப் பெலன் கொடும். பிள்ளையைப் பிரிந்து அவர் உருகுகிறார்" என்றாள்.

நான் கிணற்றடிக்குப் போய் மண்ணில் விழுந்தேன். "ஆண்டவரே, என் வாயைத் திறந்துவிடும். பிறகு என்ன வந்தாலும் வரட்டும்" என்றேன். அதுதான் நான் செய்த முதல் உண்மையான ஜெபம்.

உள்ளே போய்ச் சொன்னேன். அவள் அந்தத் தாளை எடுத்து என் முன்னால் விரித்தாள். என்னை அதுவரைக்கும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள்.

"எத்தனை நாளு இருக்கு?"

"இருபத்துநாலு."

"எழும்பு. பெட்டியை எடு நீ."

திருவிதாங்கூரை விட்டுப் போகவும் அதிகாரி ஒப்பு வைத்த ஒரு சீட்டு வேணும். நெய்யாற்றின்கரை தாலுக்கா கச்சேரிக்கு ஓடினோம். அதிகாரி இல்லை. சுற்றுப்போயிருக்கிறார், வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். மூணு நாள் வராந்தாவில் கிடந்தோம். நாலாம் நாள் அங்கே குமஸ்தாவாக இருந்த ஒரு சைவப் பிள்ளைவாள் கேட்டார். "ஒரு வருஷக் கெடுவ வச்சிட்டு இத்தற நாளு எங்க கெடந்தீரு வே?"

அப்பாவுக்குச் சுகமில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால், "நான் இவளிடம் கள்ளம் சொன்னேன், அய்யா. ரெண்டு வருஷம் என்று வாசித்துக் காட்டினேன்" என்றேன். அத்தனை பேர் முன்னால்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தியூர்மாவைப் பார்த்தார். "பிள்ள எவ்வளவு பெரிசு, அம்மா?" என்று கேட்டார். அவள் கையால் உயரம் காட்டினாள். அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குளத்தூரில் முகாமிட்டிருந்த அதிகாரியைத் தேடித் தாமே வண்டி பிடித்துப் போனார். மறுநாள் காலையில் ஒப்போடு வந்தார். அவர் நம் வேதக்காரர் இல்லை. ஆனால் ஆண்டவர் அன்றைக்கு அவர் காலைக் கொண்டுதான் நடந்தார் என்று நான் விசுவாசிக்கிறேன்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். பினாங்கில் நோய் பார்க்க மூணு நாள் நிறுத்திவைத்தார்கள். சுமத்ராத் துறையில் போய் நின்றபோது ஒரே ஒருநாள் மிச்சம்.

அவளை இறங்க விட்டார்கள். என்னை விடவில்லை. வேலை இருந்தால்தான் எனக்கு அனுமதி. என் இடத்தில் வேறு ஆளை வைத்துவிட்டார்கள். அவள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பலகை வழியாக இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. என் பிள்ளையை நான் கண்ணால் காணாமல் திரும்பினேன். பாறசாலை வந்து சேர்ந்தபோது அப்பாவை அடக்கம் செய்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

ஏழு மாசம் கடிதம் இல்லை. பிறகு மூணே வரி வந்தது. "உயிரோடு இருக்கிறாள். இரண்டு நாள் பிந்தியிருந்தால் நான் உள்ளே வந்திருக்க முடியாது. நான் வரும்போது அவள் எலும்பாகக் கிடந்தாள், என் கையால்தான் முதல் கஞ்சி குடித்தாள்." அதை வைத்துக்கொண்டு நான் அழுத அழுகையை இந்தத் தெரு அறியும்.

மூணாம் வருஷம், துலா மழையில், தாயும் மகளும் வந்தார்கள். வாசலில் நின்று தியூர்மா சொன்னாள்: "உன்னைப் பாக்க வரல்ல. இவளுக்கு அப்பன் வேணும், அதுக்காக்கும்."

அவள் என்னோடு சிரித்துப் பேச இன்னும் நெடுநாள் ஆனது. நான் கேட்கவும் இல்லை. என் பிள்ளை உயிரோடு என் முற்றத்தில் நடக்கிறாள். தேவனுக்கு நான் செலுத்துகிற நன்றி இந்த ஜென்மத்தில் தீராது. இலங்கைத் தோட்ட வேலைக்குப் போன உங்கள் ஆட்கள் கடிதம் போட்டு, வாசிக்க ஆள் இல்லையென்றால் என்னிடம் கொண்டு வாருங்கள். துக்கமோ சந்தோஷமோ, ஒரு எழுத்து மாற்றாமல் வாசித்துச் சொல்கிறேன்.

உங்களில் யாராவது வீட்டில் ஒரு கள்ளத்தைப் பூட்டிவைத்துக்கொண்டு, இங்கே வந்து முட்டுப்போடுகிறீர்களா? இன்றைக்கு எழும்பிப் போங்கள். போய் அந்த ஆளிடம் சொல்லுங்கள். பயமாகத்தான் இருக்கும். இழப்பும் உண்டு. சொல்லிவிட்டு வந்து ஜெபியுங்கள். அவர் கேட்பார்.