பாதி விலை டிக்கெட்

விமான டிக்கெட் விற்கும் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: விமானம் ஓட்டுகிறவர் மேலே போய்விடுவார், திட்டுகிறவர்கள் எல்லாரும் கீழே நம் மேஜைக்குத்தான் வருவார்கள். பேங்கோ, ரேஷன் கடையோ, டெலிபோன் ஆபீஸோ, ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, அடுத்தவன் செய்த தப்புக்கு வாங்கிக் கட்டிக்கொண்டவரா நீங்கள்? அப்படியென்றால் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், தி.நகர் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், சலீம் பாயின் டிராவல்ஸில் எனக்கு வேலை. தனியார் விமானங்கள் புதிதாகக் கிளம்பியிருந்த சமயம். அதில் ஒரு பம்பாய் கம்பெனி, மற்றவர்கள் கேட்பதில் பாதி விலைக்கு டிக்கெட் தருகிறேன் என்று வந்து இறங்கியது. அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கும். அந்தக் கம்பெனியை நம்பி எத்தனையோ பேரிடம் "தைரியமாப் போங்க, நான் கேரண்டி" என்று அளந்திருக்கிறேன். அதில் ஒருவர் நொச்சிக்குப்பத்து அஞ்சலை அக்கா. மகளின் ஆபரேஷனுக்கு முன்னால் அவரைப் பம்பாயில் கொண்டு சேர்ப்பதாக நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வாக்கு பட்ட பாடுதான் இது. அதற்கு முன்னால் கம்பெனியின் லட்சணம் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சாமானியனும் பறப்பான்

கம்பெனியின் மேனேஜர் பம்பாயிலிருந்து வந்து, மவுண்ட் ரோடு ஓட்டல் ஒன்றில் ஏஜெண்டுகளுக்கெல்லாம் கூட்டம் போட்டார். பெயர் நாசிக்கர். கோட்டு, டை, கையில் ஒரு குச்சி. விமானத் தொழில் எப்படி வளரப் போகிறது என்று படம் போட்டுக் காட்டினார். "இனிமேல் ரிக்‌ஷா ஓட்டுகிறவனும் பறப்பான், மீன் விற்கிறவளும் பறப்பாள்" என்று இங்கிலீஷில் முழங்கினார். நாங்கள் வாயில் சமோசாவோடு கை தட்டினோம். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சலீம் பாய் திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே கனவு காண ஆரம்பித்துவிட்டார். இன்னும் பத்து வருஷத்தில் சென்ட்ரல் ஸ்டேஷன் கூட்டம் மொத்தமும் மீனம்பாக்கத்தில் நிற்கும் என்றார்.

மறுநாளே போஸ்டர் ஒட்டினோம். முதலில் உள்ளே வந்தவர் மயிலாப்பூர் தெற்கு மாட வீதியிலிருந்து ஒரு மாமா, ரிடையர் ஆன ஆடிட்டர். போஸ்டரை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு என்னிடம் குனிந்து கேட்டார்: "ஏம்மா, பாதி விலைன்னா பாதி வழியில எறக்கி விட்டுடுவாளோ?"

டெக்னிக்கல்

அந்தக் கம்பெனி என்னிடம் அதிகமாகப் பேசிய வார்த்தை 'டெக்னிக்கல்'. விமானம் ஒரு மணி நேரம் லேட், டெக்னிக்கல். நாலு மணி நேரம் லேட், அதுவும் டெக்னிக்கல். நானும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே வருகிறவர்களிடம் சொல்லித் திட்டு வாங்கினேன். கடைசியில் ஏர்போர்ட்டில் வேலை பார்த்த தோழி உண்மையைச் சொன்னாள். இந்தப் பக்கத்துக்கு அவர்களிடம் இருந்ததே ஒரே ஒரு விமானம்! காலையில் பம்பாயில் கிளம்பி, கோவா போய், பெங்களூர் போய், பிறகுதான் மெட்ராஸ். கோவாவில் அது தும்மினால் மீனம்பாக்கத்தில் நூறு பேருக்கு ஜலதோஷம். அடப்பாவிகளா, இதை முதலிலேயே சொன்னால் என்ன?

கோடம்பாக்கத்து புரொடக்‌ஷன் மேனேஜர் ஒருவர், பம்பாயில் பாட்டு எடுக்க டான்ஸ் ஆடும் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு டிக்கெட் வாங்கியிருந்தார். அத்தனை பேரும் மேக்கப் பெட்டியோடு ஏர்போர்ட்டில் ஒரு பகல் முழுக்கக் காய்ந்தார்கள். மறுநாள் அந்த மனுஷர் வந்து என் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே விமானம் கதையை உடைத்துவிட்டேன். மனுஷர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா இது, ஒரே ஒரு காஸ்ட்யூமை வெச்சிக்கினு ஒம்போது சீன் எடுக்கிற கம்பெனியா கீது!"

காலமானவருக்கு வந்த அழைப்பு

நமக்கு முன்னால் ஒரு எழுத்து, பின்னால் ஒரு பெயர். ஜாதகத்திலிருந்து சாவுச் சீட்டு வரை அதை வைத்தே ஓட்டிவிடுகிறோம். பம்பாய் ஆபீஸில் போனை எடுக்கும் பெண்ணுக்கு அது போதாது. சர்நேம் சொல், சர்நேம் சொல் என்று உயிரை எடுப்பாள். இல்லையம்மா, எங்கள் பக்கம் அது கிடையாது என்றால், பெயர் இல்லாத ஊரா உங்களுடையது என்பாள். அடையாறில் எஸ். வெங்கடராமன் என்று ஒரு பேங்க் ஆபீசர். சண்டை போட்டு அலுத்துப்போய், அவருடைய 'எஸ்'ஸை விரித்து, அவர் அப்பா சுந்தரேசன் பெயரை சர்நேமாகக் கொடுத்துத் தொலைத்தேன். தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஏர்போர்ட்டில் மைக்கில் "மிஸ்டர் சுந்தரேசன், மிஸ்டர் சுந்தரேசன்" என்று மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். யாரோ அப்பா பெயர்க்காரர், பாவம், பிளேனைக் கோட்டை விடப் போகிறார் என்று அனுதாபம் வேறு பட்டிருக்கிறார். பிளேன் போய்விட்டது. நேராக என்னிடம் வந்தார். கத்தவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "எங்கப்பா போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆச்சும்மா. அவரைக் கூப்பிட்டா நான் எப்படி எழுந்திருக்கிறது?"

சர்நேம் கட்டம்

அஞ்சலை அக்காவிடம் நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் வாங்குகிறவள். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் எங்கள் ஆபீஸ் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். சோபாவில் இருந்த ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அக்கா அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. மகள் செல்விக்குத் தாராவியில் வீடு, தலைப்பிரசவம். வியாழக்கிழமை காலையில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை கப்பலில். "நான் வராங்காட்டி கையெழுத்து போடமாட்டேன்னு அடம் புடிக்குது கண்ணு" என்றார் அக்கா. ரயிலில் போனால் ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதிலும் இடமில்லை. புதன் மத்தியானம் பாதி விலை விமானத்தில் இடம் இருந்தது. "போய்ச் சேர்ந்துடுவீங்க, நான் கேரண்டி" என்றேன். போகவும் வரவும் சேர்த்தே எழுதினேன்.

சர்நேம் கட்டம் வந்தது. அப்பா பெயர் கேட்டேன், வேண்டாம் என்றார். வீட்டுக்காரர் பெயர் கேட்டேன், வாயை இறுக்கிக்கொண்டார். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்கிற வழக்கம் போல என்று நினைத்து, "சாமி பேரா? முருகனா? ஏழுமலையா? தலையை மட்டும் ஆட்டுங்க" என்று கெட்டிக்காரத்தனமாக ஆரம்பித்தேன். அக்காவுக்கு வந்ததே கோபம்! "அவன் வுட்டுட்டு ஓடி பன்னெண்டு வருசம் ஆவுது. அவன் பேர தூக்கிக்கினு நான் ஏன் பறக்கணும்? குப்பத்து பேர எழுது, அதான் எனுக்குச் சோறு போட்டுது."

பேரா, அட்ரஸா?

அக்காவுக்கு முதல் விமானப் பயணம் என்பதால் அரை நாள் லீவு போட்டு நானும் ஏர்போர்ட் வரை கூடப் போனேன். மூன்று மணி விமானம். நாலு மணிக்கு டெக்னிக்கல். ஐந்து மணிக்கு ரத்து. அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். நல்லவேளை, ஏழு மணிக்கு வேறொரு கம்பெனி விமானத்தில் ஒன்பது இடம் கிடைத்ததாம். ஏர்போர்ட்டுக்கு வந்து சேர்ந்த வரிசைப்படி அனுப்புவதாகச் சொல்லி, சாட்சாத் நாசிக்கரே லிஸ்ட்டோடு வந்து நின்றார். எட்டுப் பேரைக் கூப்பிட்டார். ஒன்பதாவது பெயருக்கு வந்ததும் நின்றார். "அஞ்சலை நொச்சிக்குப்பம்?" அக்காவின் புடவையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், சிரித்தார். "இது பேர் இல்லை மேடம், அட்ரஸ். இந்த டிக்கெட் செல்லாது" என்று பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு, பின்னால் நின்ற ஒரு கோட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

மீன் விற்கிறவளும் பறப்பாள் என்று மேடை போட்டுப் பேசிய அதே வாய்! மறுநாள் காலை ஆபரேஷன் என்று கெஞ்சினேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அக்கா என் கையைப் பிடித்து, "அவரு பேரு இன்னா?" என்று கேட்டார். சட்டையில் குத்தியிருந்த பெயர் பேட்ஜைக் காட்டி, நாசிக்கர் என்றேன். "அப்டின்னா?" நாசிக் என்று ஓர் ஊர், அந்த ஊர்க்காரர் என்று அர்த்தம் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அக்கா எழுந்து போய் அந்தப் பேட்ஜின் மேல் விரலை வைத்தார். "ஏன் நைனா, நீ மட்டும் ஊர் பேர மாட்டிக்கினு பறக்கலாம், நான் குப்பத்து பேரோட பறக்கக்கூடாதா?"

ஒரு எழுத்து விடாமல் அதை இங்கிலீஷில், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி நான் சொன்னேன். வரிசையில் ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். கோட்டுக்காரரே இரண்டு அடி பின்னால் போய்விட்டார். நாசிக்கர் ரப்பரைத் தேடி எடுத்துப் பென்சில் கோட்டை அழித்தார். ஏழு மணிக்கு முன்னால் மைக்கில் "மிஸஸ் நொச்சிக்குப்பம்" என்று கூப்பிட்டார்கள். மூன்று தடவை கூப்பிட வேண்டியிருக்கவில்லை. முதல் தடவையே அக்கா எழுந்து நின்று புடவையை உதறிக்கொண்டார். "குப்பத்த கூப்டறாங்க கண்ணு, நான் வர்றேன்."

வருகிற வழி

அடுத்த வாரமே கம்பெனி இழுத்து மூடப்பட்டது. பம்பாய் போன் அடித்துக்கொண்டே இருந்தது, சர்நேம் கேட்கக்கூட ஆள் இல்லை. சலீம் பாய் போஸ்டரைக் கிழிக்காமல் சுருட்டிப் பரண்மேல் போட்டார். "வேற பேர்ல திரும்ப வருவாங்கம்மா, ஜனங்களுக்குப் பறக்கிற ஆசை வந்தாச்சு" என்றார். வரட்டும், அதுவரை திட்டு வாங்க நான் இருக்கிறேனே.

மூன்று வாரம் கழித்து அஞ்சலை அக்கா வந்தார். செல்வியும் பெண் குழந்தையும் நலம். இவர் போய்ப் பக்கத்தில் நின்ற பிறகுதான் அவள் கையெழுத்துப் போட்டாளாம். எனக்கு உயிர் வந்தது. பிறகு அக்கா மடியிலிருந்து திரும்பி வரும் டிக்கெட்டை எடுத்தார், கிழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. பம்பாய் ஏர்போர்ட்டில் அந்தக் கவுண்டரே இல்லையாம். ரிசர்வேஷன் இல்லாமல் ரயிலேறி வந்திருக்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஒரு பொட்டலம் வஞ்சிரத்தை என் மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "போவ சொல்ல மேல போனேன், வர சொல்ல கக்கூஸாண்ட குந்திக்கினு வந்தேன். ஒன் கம்பெனிக்கு ஒரு பக்கந்தான் றெக்க கீதா?"

தெற்கு மாட வீதி மாமா எங்கே இருந்தாலும் அவருக்கு ஒரு தகவல்: ஆமாம் மாமா, பாதி வழியில்தான் இறக்கி விட்டார்கள்.